வலது கால் செருப்பு

திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைக்க நினைக்கக் கழுத்துதான் நோகிறது என்று ஜெகதாவுக்குப் பட்டது. இடைவேளை முடிந்து ஆட்டம் மறுபடி தொடங்கியாகிவிட்டது, கேப்டன் தோட்டம் ரோவர்ஸ் ஒரு கோல் பின்தங்கி நிற்கிறது, இன்னும் ஒரே ஒரு கோல் போட்டு டிரா செய்தால் போதும், லீக்கில் கீழே இறங்காமல் தப்பித்துவிடலாம். அப்படிப்பட்ட நேரத்தில் மனசு மைதானத்தில் இருக்க வேண்டாமா? கண் என்னவோ அங்கேதான் இருக்கிறது. மனசு மட்டும் முதுகுப் பக்கமாகப் படியேறிப் போய், கேலரியின் உச்சியில், தண்ணீர் டேங்க் நிழலில், கைக்குட்டையை விரித்து அதன்மேல் உட்கார்ந்திருக்கும் லூர்துநாதன் மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எழுந்துவர மாட்டேன் என்கிறது. ஒன்பது வருஷம் இந்த டீமுக்குக் கோச்சாக இருந்தவர். ஒன்பது வருஷமும் கீழே, கோட்டோரம், நின்றுகொண்டே இருந்தவர். அவர் உட்கார்ந்து ஆட்டம் பார்த்து இந்தக் கேலரியில் யாரும் பார்த்ததில்லை. அவரை வேலையை விட்டு நீக்கி, அவர் கிளப்பின்மேல் கேஸ் போட்டு, அதற்கப்புறம் மைதானத்துப் பக்கமே வராதவர், இன்றைக்கு, சீசனின் கடைசி ஆட்டத்துக்கு, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் ஏறிப்போய் உட்கார்ந்துவிட்டார். அவரைச் சுற்றி நாலு பேர் உட்காரும் இடம் காலியாகக் கிடக்கிறது. வெறுத்துப்போய் யாரும் தள்ளி உட்காரவில்லை. கூச்சம்தான். பந்தி முடிந்தபிறகு வந்துவிட்ட சம்பந்தியை எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல் நிற்பார்களே, அந்தக் கூச்சம்.

அதற்காக ஜெகதா சந்தோஷமாக இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்றால் அவளுக்கு உடம்பே வேறு உடம்பு. பகலெல்லாம் வெயில் குடித்த சிமெண்டுப் படி இப்போது அடியிலிருந்து இதமாகச் சுடுகிறது, மடியில் வறுத்த வேர்க்கடலைப் பொட்டலம், சுண்ணாம்புக் கோட்டின் வாசனை, மதிலுக்கு அப்பால் கூட்ஸ் வண்டி ஒன்று முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருக்கிற சத்தம். வாரமெல்லாம் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷன், காலர் காலராகத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து எங்கே நூல் பிசகியிருக்கிறது என்று பார்த்துப் பார்த்து அவளுக்கு உலகத்தில் எதைப் பார்த்தாலும் பிசகுதான் முதலில் கண்ணில் படும். புருஷன் ஏகாம்பரம் அதற்காகவே ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பைத் தானே வைக்கிறான். நீ போய் அந்த இருவத்திரண்டு பேத்துக்குக் குத்தம் கண்டுபிடிச்சுட்டு வா, என்ன உடு என்பான். நல்ல மனுஷன். இங்கே வந்து உட்கார்ந்துவிட்டால் குற்றம் கண்டுபிடிக்கிறதுகூடச் சுகம்தான். லெஃப்ட் பேக் நடராஜன் மறுபடியும் இடது காலில் வாங்கி வலது காலுக்கு மாற்றுகிறான். மாஸ்டர் இருந்தால் அங்கேயே கத்தியிருப்பார், மாத்தாதே, மாத்தாதே என்று. இப்போது மேலே உட்கார்ந்து கத்தாமல் இருக்க என்ன பாடுபடுகிறாரோ. பார், மறுபடியும் மேலே போய்விட்டது மனசு.

எல்லாம் இந்த நூர்ஜகானால் வந்தது. கம்பெனியில் பட்டன் மிஷினில் இருப்பவள், கேலரியிலும் ஜெகதாவுக்குப் பக்கத்தில்தான் அவளுக்கு இடம். அவளுடைய கொழுந்தன் மாஸ்டரின் வக்கீலிடம் குமாஸ்தா. இடைவேளையில் கடலையை ஊதி ஊதித் தின்றுகொண்டே, "அக்கா, ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சுக்கோ. மாஸ்டரு நாளைக்குக் கேஸ வாபஸ் வாங்கிக்கறாராம்" என்றாள். ஜெகதாவுக்குக் கை நின்றுவிட்டது. "இன்னாத்துக்குடி?" "அந்தப் போட்டோதான். கோர்ட்டுல காட்டனாங்களாமே. வெளிய வந்து வக்கீலாண்ட, 'அவங்க எழுதினது சரிதான், இதுக்கு மேல நான் எதுக்கு வாயாடணும்'னு சொல்ட்டாராம். நாளைக்குக் காலைல போயி கையெழுத்து போட்டா முடிஞ்சுது." சொல்லிவிட்டு அவள் தோலை ஊதினாள். தோல் பறந்து முன்படியில் உட்கார்ந்திருந்தவர் தலையில் விழுந்தது. அவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள். அவள்மேல் தப்பில்லை, அவளும் அந்தப் போட்டோவில் இருக்கிறாள், பாதி முகம்தான் தெரியும், ஆனால் கை முழுசாகத் தெரியும். அவங்க எழுதினது என்றால் கமிட்டிக்காரர்கள் எழுதினது. மாஸ்டரை நீக்கியபோது காரணம் என்று ஒரே ஒரு வரி போட்டிருந்தார்கள்: ரசிகர்களின் நம்பிக்கையை இழந்துவிட்டார். உண்மைக் காரணம் பேட்டைக்கே தெரியும், செயலாளர் தர்மலிங்கத்தின் மச்சான் மகனை மாஸ்டர் ஒரு ஆட்டத்தில்கூட இறக்கவில்லை. அந்தப் பையன் ஓடினால் அவன் நிழல் அவனை முந்திக்கொண்டு போகும், யார்தான் இறக்குவார்கள்? மாஸ்டர் வேலையைத் திரும்பக் கேட்டு கேஸ் போடவில்லை. நஷ்டஈடு என்று ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள் என்றுதான் கேட்டார்.

கேஸ் போட்ட புதிதில் பேட்டை இரண்டாகப் பிளந்து கிடந்தது. தண்ணி லாரியில் குடம் வைக்கப்போனால் அதே பேச்சு. கிளப்பக் கோர்ட்டுக்கு இஸ்துனு போனவன் மூஞ்சில முழிக்க மாட்டேன் என்று சலூன் வைத்திருக்கும் பரசுராமன் சொன்னான், சொல்லிவிட்டு, கடையில் மாட்டியிருந்த கப் வாங்கின படத்தைத் திருப்பி மாட்டினான். அதில் மாஸ்டர் நடுவில் இருந்தார். பெத்த தாயா இருந்தாலும் பொய் சொன்னா கேக்கத்தான் கேப்பாரு என்று டீக்கடை எதிரில் இன்னொரு கட்சி. ஜெகதா இரண்டு கட்சியிலும் இருந்தாள். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. கிளப் என்றால் தர்மலிங்கமா, நாம்தானே, அப்படியென்றால் மாஸ்டர் நம்மேல்தானே கேஸ் போட்டிருக்கிறார் என்று நினைத்தால் கோபம் வரும். அப்புறம் அந்த வரி ஞாபகம் வரும். நம் பெயரைச் சொல்லித்தானே வெட்டியிருக்கிறார்கள், நம்மை யார் கேட்டார்கள், என்று நினைத்தால் அதைவிடக் கோபம் வரும். இப்படி ஊர் அடித்துக்கொண்டிருக்கும்போதுதான் அந்தப் போட்டோ வந்தது. அதோடு இரண்டு கட்சியும் வாயை மூடிக்கொண்டது. பரசுராமன்கூடப் படத்தை மறுபடி நேராக மாட்டிவிட்டான்.

போட்டோவில் முன்னால் கோட்டோரம் மாஸ்டர், கையைக் கட்டிக்கொண்டு, மைதானத்தைப் பார்த்தபடி. அவர் முதுகுக்குப் பின்னால் கேலரி முழுக்க ஜனம், ஆளுக்கொரு செருப்பைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி. ரப்பர் செருப்பு, தோல் செருப்பு, பூப்போட்ட செருப்பு, எல்லாம் மாஸ்டர் தலைக்கு நேராக. நட்டநடுவில் நீல வார் வைத்த செருப்பும் கையுமாக, வாயைப் பிளந்துகொண்டு, எல்லோருக்கும் தலைவி மாதிரி நிற்பது ஜெகதாவேதான். பார்க்கிற நீதிபதி என்ன நினைப்பார்? யார்தான் என்ன நினைப்பார்கள்? ஜெகதாவே தன்னை யாரென்று தெரியாமல் பார்த்திருந்தால், யார் இந்தப் பொம்பளை, இப்படி ஒரு பெரிய மனுஷனைச் செருப்பால் அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்திருப்பாள். நடந்தது என்ன? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. எப்போதோ ஒரு மழைக்கால ஆட்டத்தில், ரோவர்ஸுக்குக் கார்னர் கிடைத்த நேரத்தில், எழுந்து நின்றவளுக்கு வலது கால் செருப்பின் வார் அறுந்துவிட்டது. வாங்கி முழுசாக ஒரு மாசம் ஆகவில்லை. எவன் என் தலையில் கட்டினான் இதை என்று பார்க்கக் கையில் எடுத்தாள், பின்னாலிருந்து ஒரு தள்ளு, சேறு படாமலிருக்கத் தலைக்குமேல் தூக்கினாள், கோல். அடுத்த ஆட்டத்தில் கார்னர் வந்தபோது யாரோ, "யக்கா, அன்னிக்கு மாதிரி அந்தச் செருப்பத் தூக்கு" என்றான், விளையாட்டுக்குத்தான் தூக்கினாள், கோல். அப்புறம் விளையாட்டா அது? வலது கால் செருப்புதான் தூக்க வேண்டும், இடது ஆகாது. ஜெகதா தூக்கியபிறகுதான் மற்றவர்கள் தூக்க வேண்டும். கோயிலில் செருப்பைத் தொலைத்துவிட்டு வெறுங்காலோடு வந்தவனைப் பக்கத்துக் கேலரிக்கு அனுப்பினார்கள். லேஸ் கட்டின ஷூவோடு வருகிறவனைக் கண்டால் எல்லோருக்கும் எரிச்சல், அவன் முடிச்சை அவிழ்ப்பதற்குள் கார்னர் அடித்து முடிந்துவிடும், கார்னர் யாருக்காகவும் காத்திருக்காது. தர்மலிங்கமும் தூக்கினவர்தான். செயலாளர் என்று பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாலும் கார்னர் என்றால் அவருடைய பழுப்பு நிறத் தோல் செருப்புத்தான் பந்தலுக்கு மேலே முதலில் தெரியும். அந்த ஆள் எல்லாம் தெரிந்தே அந்தப் போட்டோவைக் கோர்ட்டில் கொடுத்திருக்கிறார். அதில் பந்தல் இருக்கிற பக்கம் மட்டும் இல்லை, எவ்வளவு சுத்தமாக வெட்டியிருக்கிறார்கள்.

ஆட்டக்காரப் பையன்களுக்கெல்லாம் தெரியும். மாஸ்டருக்கு மட்டும் தெரியாது, தெரியவும் கூடாது என்று கேலரியே சத்தியம் பண்ணாத குறை. ஏனென்றால் மாஸ்டருக்கு இந்தச் சமாசாரமெல்லாம் அறவே ஆகாது. ஒருமுறை கோல்கீப்பர் கம்பத்தடியில் எலுமிச்சம்பழம் ஒன்றை வைத்திருந்தான். மாஸ்டர் அதை எடுத்துத் தோலோடு கடித்துத் தின்றுவிட்டு, "இனிமே இது என் வயித்துல இருந்து உன்னைக் காப்பாத்தும், நீ போய் வெளிய உக்காரு" என்று சொல்லி அன்றைக்கு அவனை ஆடவே விடவில்லை. அப்படிப்பட்டவர் காதில் செருப்பு விஷயம் போனால் என்ன ஆகும்? நிறுத்தச் சொல்லுவார். நிறுத்தினால் கோல் வராது. ஆகவே மூச்சு விடவில்லை யாரும். அவர்தான் திரும்பியே பார்க்க மாட்டாரே, மறைப்பதும் சுலபமாக இருந்தது. அதுதான் ஜெகதாவுக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது, அந்தத் திரும்பிப் பார்க்காதது. கப் வாங்கின வருஷம் கிழிந்த ஜெர்சிகளை மூட்டையாகக் கட்டித் தைத்துத் தரச்சொல்லி அவரே வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஏகாம்பரம் டீ போட்டுக் கொடுத்தான். அப்போது ஜெகதா கேட்டே விட்டாள். "இன்னா மாஸ்டர், நாங்க தொண்டத் தண்ணி வத்தக் கத்தறோம், ஒருவாட்டி எங்க பக்கம் திரும்பிப் பாத்தா இன்னாவாம்?" அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "பின்னாடி யார் இருக்காங்கன்னு சந்தேகம் இருக்கறவன் திரும்பிப் பாப்பான்மா. எனக்கு என்ன சந்தேகம்?" அன்றைக்கு அது பெரிய பேச்சாகப் படவில்லை. இப்போது அவர் அந்தப் போட்டோவைக் கோர்ட்டில் நின்று பார்த்திருக்கிறார். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகத் தன் முதுகுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று பார்த்திருக்கிறார்.

போய்ச் சொல்லிவிட்டால் என்ன? இதோ இருக்கிற படிகள்தான், ஏறிப்போய், மாஸ்டர், அது உங்களுக்குக் காட்டினது இல்லை, கார்னருக்குக் காட்டினது என்று சொன்னால் முடிந்தது. போன மாசம் அவர் வீட்டுத் தெருமுனை வரைக்கும் போனாள், சொல்லத்தான் போனாள், வாக்கியத்தை வாய்க்குள் ஓட்டிப் பார்த்தபடி போனாள், முனைக்கடையில் ஒரு சோடா குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள். ஏனென்றால் அந்த வாக்கியத்துக்கு அடுத்த வாக்கியம் ஒன்று இருக்கிறது. அப்போ கார்னர்ல கோல் வந்தது எதனால என்று மாஸ்டர் கேட்பார். செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் விடிகாலையில் பையன்களை வரவழைத்து, தரையில் கயிறு போட்டு, நீ இந்தக் கயிறு, நீ அந்தக் கயிறு, பந்து வரும்போது நீ இப்படி வெட்டு, அவன் அப்படி ஓடட்டும் என்று கார்னரையே பாடமாக நடத்தின மனுஷன். வேலைக்குப் போகிற வழியில் மதில் ஓட்டை வழியாக ஜெகதாவே பார்த்திருக்கிறாள். அவரிடம் போய், நீங்க கயிறு போட்டதெல்லாம் இருக்கட்டும் மாஸ்டர், கோல் வந்தது என் செருப்பால என்று சொல்வதா? செருப்பைக் காட்டினோம் என்று அவர் நினைப்பது ஒரு அவமானம் என்றால் இது இன்னொன்று. இருதலைக்கொள்ளி எறும்பு என்று சும்மாவா சொன்னார்கள். கயிறா செருப்பா என்று ராத்திரியில் ஏகாம்பரத்திடம் கேட்டால், ரெண்டும் இல்ல, கீப்பருக்குக் கண்ணு தெரியல, படுத்துத் தூங்கு என்கிறான். அவனுக்கு ஆட்டம் தெரியாது.

விசில். ஆஃப்சைடு. போன பந்து போனதுதான். கீழே புதுக் கோச் தொப்பிக்கு மேல் கூலிங்கிளாஸை ஏற்றிக்கொண்டு கையை ஆட்டுகிறான். பாவம் நல்ல பையன்தான், அவன் என்ன செய்வான், பிறர் வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி நிற்கிறான். இந்தப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். வெயில் இறங்கி மதிலின் நிழல் மைதானத்தில் பாதிக்கு வந்துவிட்டது. நிழலுக்குள் போகிற ஆட்டக்காரனும் வெளியே வருகிற ஆட்டக்காரனும் வேறு வேறு ஆள் மாதிரி தெரிகிறார்கள். ஜெகதாவுக்கு அது பிடித்திருந்தது. பந்துகூட நிழலுக்குள் மெதுவாகப் போவதாகத் தோன்றியது. தோற்றுக்கொண்டிருக்கிற நேரத்தில் இப்படி நிழலை ரசிக்கலாமா என்று ஒரு குத்தல். ரசித்தால் என்ன? மூன்று மாசமாகக் கோலே இல்லாத டீம் இது. பின்னே எப்படி வரும், மூன்று மாசமாகச் செருப்பைத் தூக்கவில்லையே. கேஸ் முடிகிறவரைக்கும் கேலரியில் ஒருத்தரும் செருப்பைக் கையில் எடுக்கக் கூடாது என்று தர்மலிங்கம் ஆள் விட்டுச் சொல்லிவிட்டார். இப்போதும் தூக்கினால் அது மாஸ்டருக்கு எதிராகத் தூக்கினதாக ஆகாதே, மாஸ்டர்தான் கீழே இல்லையே, அப்போது போட்டோ பொய்யாகிவிடுமே, அந்தப் பயம் அவருக்கு. இது ஜெகதாவுக்கு இந்த நிமிஷம்தான் உறைத்தது. கடலை பாதி வாயிலேயே நின்றது. மாஸ்டர் கீழே இல்லை. மாஸ்டர் மேலே இருக்கிறார், எல்லோருக்கும் பின்னால். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குக் கேலரியின் முதுகு தெரிகிறது. இப்போது தூக்கினால் அவர் தன் கண்ணால் பார்ப்பார், கோட்டோரம் யார் நின்றாலும் கார்னர் வந்தால் செருப்பு எழுந்திருக்கும் என்று. ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். அல்லது தப்பாகப் பார்ப்பார். நாம் வந்து உட்கார்ந்திருக்கும்போதே மறுபடியும் காட்டுகிறார்கள் பார் என்று நினைப்பார். நினைத்துவிட்டு, கைக்குட்டையை மடித்துக்கொண்டு இறங்கிப் போய்விடுவார், நாளைக்குக் காலையில் போய்க் கையெழுத்துப் போட்டுவிடுவார், அந்த ஒரு வரி அப்படியே நின்றுவிடும். மனுஷன் செத்தபிறகும் நிற்கும். ரசிகர்களின் நம்பிக்கையை இழந்துவிட்டார்.

"அக்கா, பாரு, பாரு" என்று நூர்ஜகான் தொடையில் தட்டினாள். நடராஜன், அதே நடராஜன், இந்தத் தடவை காலை மாற்றாமல் இடது காலாலேயே அடித்துவிட்டான், பந்து எதிராளி முழங்காலில் பட்டுக் கோட்டுக்கு வெளியே உருண்டது. ரெஃப்ரி மூலையைக் காட்டினார். கார்னர். ஆட்டம் முடிய அதிக நேரம் இல்லை என்பது ஆட்டக்காரர்கள் ஓடிய ஓட்டத்திலேயே தெரிந்தது, கீப்பர்கூடப் பாதி மைதானம் வரை வந்துவிட்டான். கேலரி எழுந்து நின்றது. சத்தம் இல்லை. இத்தனை பேர் எழுந்து நின்று சத்தமே இல்லாமல் இருப்பது ஜெகதாவுக்கு என்னவோ போல இருந்தது. ஏன் சத்தம் இல்லை என்று பார்த்தால் எல்லோரும் அவளைத்தான் பார்க்கிறார்கள். பரசுராமன் பார்க்கிறான். டீக்கடைக் கட்சி பார்க்கிறது. முன்படியில் தலையில் கடலைத்தோலோடு இருக்கிறவர் திரும்பிப் பார்க்கிறார். ஒருத்தன் வலது காலைத் தூக்கி இடது காலின்மேல் வைத்துக்கொண்டு கொக்கு மாதிரி தயாராக நிற்கிறான். மூலையில் பந்தை வைத்துவிட்டு அந்தப் பையன் பின்னால் நடக்கிறான். கயிறு, கயிறு என்று ஜெகதா நினைத்துக்கொண்டாள். நீ இந்தக் கயிறு, நீ அந்தக் கயிறு. பையன்கள் கயிறு இல்லாமலேயே அந்தந்த இடத்தில்தான் நிற்கிறார்கள், மாஸ்டர் நிறுத்தின இடத்தில். அதைப் பார்த்ததும் அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது. இதில் என்ன கயிறா செருப்பா, அவர் பாட்டுக்குக் கயிறு போட்டார், நாம் பாட்டுக்குச் செருப்பைத் தூக்கினோம், ரெண்டு பேரும் ஒரே கோலுக்குத்தானே. குனிந்து வலது கால் செருப்பைக் கழற்றினாள். தூக்கினாள்.

பின்னாலேயே கேலரி முழுக்கச் செருப்புகள் சரசரவென்று எழுந்தன. மூன்று மாசத்து அடக்கம். பந்தலுக்கு மேலே, பழக்க தோஷம் யாரை விட்டது, பழுப்பு நிறத் தோல் செருப்பு ஒன்று துள்ளி எழுந்து, தான் யார் என்று ஞாபகம் வந்தாற்போலச் சட்டென்று இறங்கி, கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடி எழுந்தது. ஜெகதா அதைப் பார்த்துச் சிரித்தாள். பந்து அடிக்கப்படுகிற தொப்பென்ற சத்தம் கேட்டது. அவளுக்குத் தெரியும், இப்போது கண் அங்கே இருக்க வேண்டும், இத்தனை வருஷத்தில் ரோவர்ஸ் இந்த மைதானத்தில் போட்ட ஒரு கோலைக்கூட அவள் பார்க்காமல் விட்டதில்லை. கழுத்து நோவு தாங்கவில்லை. செருப்பைத் தூக்கின கையை இறக்காமல் அப்படியே திரும்பி மேலே பார்த்தாள்.

கைக்குட்டை இருந்தது. மாஸ்டர் அதன்மேல் இல்லை. ஒரு கணம் அவளுக்கு உயிரே போய்விட்டது. அப்புறம்தான் பார்த்தாள், அவர் எழுந்து நின்று, ஒரு கையால் தண்ணீர் டேங்கின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது காலைத் தூக்கி முன்படியில் வைத்து, குனிந்து, இன்னொரு கையால் ஷூ லேஸை இழுத்துக்கொண்டிருந்தார். எப்போதும் இரட்டை முடிச்சுப் போடுகிற மனுஷன், முடிச்சு இறுகிப்போய்விட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். ஷூவை அப்படியே காலோடு உதறிப் பார்த்தார், வரவில்லை, குதிகாலைப் பிடித்து நெம்பினார், பாதி வந்தது. அவள் முதுகுக்குப் பின்னால் மைதானமே வெடித்ததுபோல ஒரு சத்தம் எழுந்தது, படிகள் அதிர்ந்தன, நூர்ஜகான் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு குதித்தாள், யாருடைய செருப்போ அவள் தோளில் பட்டு விழுந்தது. ஜெகதா அசையாமல் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் ஷூ கையோடு வந்தது. மாஸ்டர் ஒற்றைக் காலுறையோடு நிமிர்ந்து, ஷூவைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார். எல்லாம் முடிந்தபிறகு. அதைத் தூக்கிப் பிடித்தபடியே நாலாபக்கமும் பார்த்தார், ஆடுகிறவர்களையும் கட்டிப்பிடித்துக்கொள்கிறவர்களையும் பார்த்தார், கடைசியில் ஜெகதாவைப் பார்த்தார்.

"கோல் யாரும்மா அடிச்சது?" என்று கேட்டார்.

"தெரியல மாஸ்டர். நான் இந்தாண்ட பாத்துனு இருந்தேன்."

மாஸ்டர் ஷூவை இறக்கினார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஏதோ அதில் எழுதியிருக்கிறாற்போல. கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைக்குட்டை படியில் கிடந்ததால் சட்டைக் கையாலேயே துடைத்துக்கொண்டார்.

"நாளைக்குக் காலைல உனக்கு வேலை இருக்கா?"

"லீவு போட்டுர்றேன் மாஸ்டர்."

"கோர்ட்டுக்கு வா. அந்தச் செருப்பையே போட்டுக்கிட்டு வா."

தலையை ஆட்டினாள். ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டது, பின்னால் விசில் கேட்டது. ஜெகதா செருப்பைக் கீழே போட்டு, பார்க்காமலே காலால் துழாவி மாட்டிக்கொண்டாள். மாஸ்டர் ஷூவை மாட்டவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார், இன்னொரு கார்னர் வந்தாலும் வரலாம் என்று.